ஃபேன்ஸ் ஷோ நடத்துகிறவர்களே, ரசிகைகளும் டிக்கெட் கேட்கிறார்கள்

பெரிய ஹீரோ படம் வரும்போது ஊரில் ஒரு தியேட்டரை மொத்தமாக எடுத்து ஃபேன்ஸ் ஷோ நடத்துகிற ரசிகர் மன்றத்துக்காரர்களுக்கும், தியேட்டர் மேனேஜர்களுக்கும், அவர்களோடு ராப்பகலாக ஓடியாடுகிற தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். நானும் எங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கூடமாட நிற்கிறவள்தான். "பொம்பளைங்க எங்கங்க முதல் ஷோவுக்கு வரப்போறாங்க, அவங்க ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வருவாங்க" என்று மேனேஜர் சொல்வார், கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிடாதீர்கள். டிக்கெட் யார் கைக்குப் போகிறது, கேட் எப்படித் திறக்கிறது, பாத்ரூமில் தாழ்ப்பாள் இருக்கிறதா, இந்த மூன்றும் சரியாக இருந்தால் அவர்கள் தானாக வருவார்கள்.

பெண்களுக்கு சினிமா ஆசை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "தாய்மார்களின் பேராதரவுடன்" என்று போஸ்டர் ஒட்டித்தான் இங்கே எத்தனையோ படங்கள் ஓடியிருக்கின்றன. எம்.ஜி.ஆருக்கு இருந்த பெண்கள் கூட்டத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டாலே கதை கதையாகச் சொல்வார். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டிலேயே பெண்கள் பக்கம் என்று தடுத்து இடம் வைத்திருந்தார்கள். வசூலில் அவர்களைக் கணக்கில் வைத்தார்கள், மன்றத்தில் மட்டும் வைக்கவில்லை. உறுப்பினர் அட்டை, கட்அவுட், பால், பட்டாசு, முதல் ஷோ எல்லாம் ஆம்பளைங்க விவகாரம் என்று அப்படியே இறுகிப்போய்விட்டது. அதைத் தளர்த்துவதற்கு முதலில் கைவைக்க வேண்டிய இடம் டிக்கெட்.

டிக்கெட் யார் கையில் போகிறது

எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை வெளியிலிருந்து பாருங்கள். ஷோவை மன்றம் எடுக்கிறது. நகரத் தலைவர் கையில் டிக்கெட் கட்டு வருகிறது. பகுதிக்கு இத்தனை, கல்லூரிப் பசங்களுக்கு இத்தனை, பணம் கொடுத்த ஸ்பான்சருக்கு இத்தனை என்று டீக்கடையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். மிச்சம் இருப்பது வாட்ஸ்அப் குரூப்பில் போகிறது. அண்ணனோ தம்பியோ மன்றத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்த வரிசையில் எந்த இடத்திலும் கை நீட்ட முடியாது. தைரியமாகக் குரூப்பில் சேர்ந்தால் அவள் நம்பர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அன்று ராத்திரியே "ஹாய் சிஸ்", "நீங்களும் தலைவர் ஃபேனா", "எந்த ஏரியா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு நாளில் குரூப்பை விட்டு வெளியேறுவாள். "அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல, லெஃப்ட் ஆயிட்டாங்க" என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அறிவிப்புக்குக் குரூப்பை விட்டுவிட்டு வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். சேனலில் சேர்கிறவர்களின் நம்பர் மற்ற ஃபாலோயர்களுக்குத் தெரியாது. பதிவுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் போதும். பெயர், எத்தனை டிக்கெட், ஒரு தொடர்பு எண், அவ்வளவுதான் கேட்க வேண்டும், வயது, முகவரி, புகைப்படம் எதுவும் வேண்டாம். அந்த ஃபார்மை மன்றத்தில் எத்தனை பேர் திறந்து பார்க்கலாம் என்பதையும் ஒருவர் இரண்டு பேரோடு நிறுத்துங்கள். நேரில் வாங்குகிறவர்களுக்கு டீக்கடை தவிர இன்னொரு இடம் வையுங்கள். கல்லாவில் பெண் உட்கார்ந்திருக்கிற ஜெராக்ஸ் கடையோ ஃபேன்ஸி ஸ்டோரோ ஊரில் கட்டாயம் இருக்கும், அவர்களிடம் சொன்னால் டிக்கெட் வைத்துக் கொடுப்பார்கள்.

எத்தனை சீட் ஒதுக்குவது என்று கேட்பீர்கள். அறுநூறு சீட் தியேட்டர் என்றால் முதல் தடவை அறுபதில் ஆரம்பியுங்கள். ரிலீசுக்கு இரண்டு நாள் முன்பு வரை அதைத் தொடாதீர்கள், அதற்குள் போகாவிட்டால் பொதுவில் விட்டுவிடலாம். ஒற்றை ஒற்றையாக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீட் கொடுத்தால் யாரும் வர மாட்டார்கள், நாலைந்து பேர் சேர்ந்து உட்காருகிற மாதிரி கொடுங்கள்.

"கூட வீட்டு ஆள் யாராவது வரணும்" என்று நிபந்தனை போடாதீர்கள், வருகிறவர் எந்தத் துணையோடு வருகிறார் என்பது அவர் பாடு. "தலைவரோட முதல் படம் எது சொல்லு பார்ப்போம்" என்கிற பரீட்சையும் வேண்டாம், அதைப் பசங்களிடம் ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. அப்புறம், பெண்களுக்கு இலவசம் என்று பெருந்தன்மை காட்ட நினைக்கிறவர்கள் ஒன்று யோசியுங்கள். இலவசமாக வந்தவர் விருந்தாளி ஆகிவிடுவார், சீட் தரவில்லை என்றாலும் வாய் திறக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே விலை வையுங்கள், அதுவும் அச்சடித்த விலை. நூற்றுச் சொச்ச ரூபாய் டிக்கெட்டை ஆயிரத்துக்கு விற்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் செய்கிற அநியாயம், சட்டப்படியும் தப்பு. ஆனால் முதலில் அடிபடுவது வீட்டில் கையேந்திக் காசு வாங்குகிற கல்லூரிப் பெண்தான்.

நேரமும் சான்றிதழும்

2023 ஜனவரி 11 அன்று பொங்கல் படங்கள் வந்தபோது நள்ளிரவுக் காட்சி போட்டார்கள், கோயம்பேடு பக்கம் ஓடுகிற லாரி மேல் ஏறி ஆடிய ஒரு பையன் விழுந்து இறந்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் விடியற்காலை நாலு மணி ஷோவுக்கு அனுமதி கிடைப்பதில்லை, பெரிய படங்களே காலை ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பிக்கின்றன. கேரளாவிலும் கர்நாடகாவிலும் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டு ட்வீட் போடுகிறார்கள் என்று பசங்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான். என்னைக் கேட்டால் ஒன்பது மணி நல்ல நேரம். நாலு மணிக்கு ஹாஸ்டல் கேட் திறக்காது, டவுன் பஸ் ஓடாது, வீட்டில் கேட்கவே வாய் வராது. ஒன்பது மணிக்கு இந்த மூன்றும் பிரச்சினை இல்லை. போஸ்டரில் ஷோ தொடங்குகிற நேரத்தோடு முடிகிற நேரத்தையும் போடுங்கள், வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அதுதான் முக்கியம்.

படத்தின் சென்சார் சான்றிதழையும் டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 'கூலி'க்கு ஏ சான்றிதழ். ஏ என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களை உள்ளே விட முடியாது. அதை வாசலில் வந்துதான் தெரிந்துகொண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவது அனேகமாக அம்மாவாகத்தான் இருக்கும், அப்பா உள்ளே போய்விடுவார். யுஏ என்றால் தடை கிடையாது, பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்றுதான் அர்த்தம், அதையும் கேட்டில் நிற்கிறவருக்குச் சொல்லி வையுங்கள். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்திவிட்டு, வீடியோ பரவிய பிறகு யுஏ சான்றிதழ்தான் காரணம் என்று விளக்கம் கொடுத்தார்கள். யாரும் அதை நம்பவில்லை. டிக்கெட் கையில் இருந்தால் உள்ளே விட வேண்டும். உடையைப் பார்த்தும் ஆளைப் பார்த்தும் நிறுத்தக்கூடாது. திருநங்கைகள் வந்தாலும் அதே விதிதான், எந்த வரிசையில் நிற்கிறார்கள், எந்தப் பாத்ரூமுக்குப் போகிறார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

வாசல்

மற்றதில் எதைக் கோட்டைவிட்டாலும் இதில் கோட்டைவிடாதீர்கள். 2024 டிசம்பர் 4 ராத்திரி ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' பிரீமியருக்கு ஹீரோ வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் இறந்தது கணவன், பிள்ளைகளோடு படம் பார்க்க வந்திருந்த ஒரு பெண். மகனும் மூச்சுத் திணறி ஆபத்தான நிலைக்குப் போனான். அதற்கு முந்தைய வருடம், 2023 செப்டம்பர் 10, சென்னை ஈ.சி.ஆரில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி. டிக்கெட் வைத்திருந்தவர்களே ஆயிரக்கணக்கில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் தங்களிடம் தவறாக நடந்துகொண்டார்கள் என்று பல பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். இடத்துக்கு மேல் ஆள், வழி குறைவு, பின்னால் நிற்கிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. நெரிசல் வந்துவிட்டால் பெண்களுக்கு இரண்டு ஆபத்து, ஒன்று மூச்சு, இன்னொன்று கை.

இரும்பு கேட்டில் ஒரு கதவை மட்டும் பாதி திறந்து வைத்து ஒவ்வொருவராக விடுவது நம் தியேட்டர்காரர்களின் பரம்பரை வழக்கம். சாதாரண நாளில் அது சரி, ஃபேன்ஸ் ஷோவில் அந்தப் பாதிக் கதவுதான் ஆளை நசுக்கும். படம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். டிக்கெட் பார்ப்பதை கேட்டிலிருந்து தள்ளி உள்ளே வையுங்கள், கூட்டம் நீளமாக நிற்க இடம் கிடைக்கும். மேளமும் பட்டாசும் கட்அவுட் அபிஷேகமும் உள்ளே போகிற பாதையில் நடக்கவே கூடாது, ஓரமாகவோ எதிர்ப்பக்கமோ இடம் பார்த்துக் கொடுங்கள். "ஸ்டாண்டிங்" என்று சீட்டுக்கு மேல் ஐம்பது பேரைத் திணிப்பதை நிறுத்துங்கள், இருக்கிற சீட் எத்தனையோ அத்தனை டிக்கெட்.

பெண்களுக்குத் தனி வரிசை வேண்டுமா என்றால், நுழைகிற வரைக்கும் வேண்டும் என்றுதான் சொல்வேன். பை, உடம்பு சோதனை செய்கிறீர்கள் என்றால் அங்கே பெண் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் பந்தோபஸ்துக்கு மனு கொடுக்கும்போது பெண் காவலர் வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள், வாயால் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஹீரோ வருகிறார், டைரக்டர் வருகிறார் என்ற வதந்தியை உங்கள் ஆட்களே கிளப்பிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே வருகிறார் என்றால் போலீசுக்குத் தெரியாமல் வரக்கூடாது.

உள்ளே

டிக்கெட்டில் நம்பர் இருந்தாலும் ஃபேன்ஸ் ஷோவில் அதை யாரும் மதிப்பதில்லை. ஓடிப்போய் கர்ச்சீப் போடுகிறவனுக்குத்தான் சீட். இந்த ஓட்டப் பந்தயத்தில் பெண்களும் வயசானவர்களும் எப்போதும் சுவரோரம்தான். நம்பர் படி உட்கார வைக்க வரிசைக்கு ஒரு தம்பியை நிறுத்துங்கள், கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருக்கும், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

பெண்களுக்கு ஒதுக்கின சீட்டை பால்கனிக் கோடியில் கொண்டுபோய் வைத்து கயிறு கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அது பழைய தடுப்புச் சுவர்தான், கயிறாக வந்திருக்கிறது. நடு வரிசையில், நடைபாதை ஓரமாகக் கொடுங்கள். அப்போதுதான் எழுந்து போக வர வசதியாக இருக்கும், ஓப்பனிங் சாங்குக்கு இறங்கி ஆடவும் வழி இருக்கும். ஆமாம், ஆடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து பழைய நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து துப்பட்டாவில் முடிந்து கொண்டுவந்து, டைட்டில் கார்டில் பெயர் வரும்போது அள்ளி வீசுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பையன் படத்தை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுதான் அடுத்த பிரச்சினை. போன். ஒரு பெண் விசிலடித்தாலோ ஆடினாலோ நாலு போன் திரும்புகிறது, சாயங்காலத்துக்குள் "குத்தாட்டம் போட்ட ரசிகை" என்று ரீல்ஸ் ஆகிறது, கீழே வருகிற கமென்ட்டை இங்கே எழுத முடியாது. அவள் அப்பா அதைப் பார்ப்பார், அத்தோடு அவளுக்கு முதல் ஷோ முடிந்தது. ஆகவே, படம் தொடங்கும் முன் மைக்கில் சொல்லுங்கள்: திரையையும் உங்கள் கூட்டாளிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், தெரியாத பெண்களை எடுக்காதீர்கள், எடுத்துப் போட்டால் அடுத்த ஷோவுக்கு டிக்கெட் கிடையாது. மன்றத் தலைவர் வாயால் சொன்னால் எடுபடும், மேனேஜர் சொன்னால் "ஓ"வென்று கத்துவார்கள்.

வெளியே மைக்கோடு நிற்கிற யூடியூப் சேனல்காரர்கள் இன்னொரு தலைவலி. படம் முடிந்து வெளியே வருகிற பெண்ணை மறித்து "படம் எப்படி இருக்கு"வில் ஆரம்பித்து "ஹீரோவை நேர்ல பார்த்தா என்ன பண்ணுவீங்க"வில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பையனிடம் சண்டைக் காட்சியைப் பற்றிக் கேட்பவர்கள் பெண்ணிடம் ஹீரோ அழகைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர்களுக்கு காம்பவுண்டுக்குள் ஒரு மூலையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். பேச விரும்புகிறவர் அங்கே போய்ப் பேசட்டும்.

ஹீரோயின் திரையில் வரும்போது கத்துகிற கமென்ட் உண்டே, அதையும் கேட்டுக்கொண்டுதான் பக்கத்து வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முழுக்க நிறுத்த முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கத்தலை ஆரம்பிக்கிறவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான், யார் என்று உங்களுக்கும் தெரியும். முன்னாலேயே தோளில் கைபோட்டு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பாத்ரூமை முந்தைய நாளே ஒரு பெண்ணை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். லைட், தண்ணீர், தாழ்ப்பாள், குப்பைக்கூடை, சுவரிலும் ஜன்னலிலும் ஓட்டை இருக்கிறதா என்பது வரைக்கும். பல பழைய தியேட்டர்களில் பெண்கள் பாத்ரூம் ஷோ அன்று பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது, அல்லது கூட்டத்தைப் பார்த்து ஆண்களே அதையும் எடுத்துக்கொள்வார்கள். இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் ஒரு பெண் தன்னார்வலர் நிற்கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

புகார் சொல்கிற பெண்ணை "நீங்க வேற சீட்டுக்கு வந்துடுங்கம்மா" என்று எழுப்பாதீர்கள். எழுந்து போக வேண்டியவன் தொல்லை கொடுத்தவன். அதற்காக இருட்டில் நாலு பேர் சேர்ந்து அவனை அடிப்பதும் வேண்டாம், அடி விழுந்தால் கேஸ் திசை மாறிவிடும், அந்தப் பெண்ணும் பயந்து புகாரை விட்டுவிடுவாள். அவனை வெளியே கொண்டுபோய் உட்கார வையுங்கள். அவளிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள், உடனே போலீசுக்குப் போக வேண்டுமா, படம் முடிந்து போகலாமா என்பது அவள் முடிவு. இடையில் போக வேண்டியிருந்தால் அடுத்த காட்சிக்கு டிக்கெட் கொடுத்து அனுப்புங்கள்.

மேனேஜர் "இதெல்லாம் தியேட்டர் பொறுப்பு இல்லை" என்று நழுவுவார். பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்க தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதில் சினிமா தியேட்டரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள், இடத்துக்குப் பொறுப்பானவருக்கும் அதில் கடமை உண்டு என்று அவரிடம் சொல்லுங்கள். இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 74, 75, 79 பிரிவுகள் இதற்குப் பொருந்தும், ஒளிந்து படம் எடுத்தால் 77. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டையும் டிக்கெட் கவுண்டரிலும் பெண்கள் பாத்ரூம் கதவிலும் ஒட்டிவிடுங்கள். சிசிடிவி பதிவு சில நாளிலேயே அழிந்து அதன்மேல் புதுசு ஏறிவிடும், அதனால் அன்றைக்கே மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆன்லைன் பக்கத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு ஹீரோ ரசிகர்கள் சண்டை போட்டால் திட்டு எப்போதும் எதிராளியின் அம்மா மேலும் பெண்டாட்டி மேலும்தான் விழுகிறது. உங்கள் மன்றத்தின் பெயரில் நடக்கிற பக்கத்தில் அதை அட்மின் அழிக்க வேண்டும், "நம்ம பசங்கதானே" என்று விட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணும் சொந்தப் பெயரில் எழுத மாட்டாள். இப்போதே பல ரசிகைகள் ஆண் பெயரில்தான் ஐடி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ராத்திரி முழுக்க வசூல் கணக்கு பேசுகிற "கார்த்தி" நிஜத்தில் யாரோ கவிதாவாக இருக்கலாம்.

கடைசியாக மன்றப் பொறுப்பு. மகளிர் அணி என்று ஒன்றை வைத்து பிறந்தநாளுக்குக் கோலம் போடவும் அன்னதானத்தில் பரிமாறவும் மட்டும் கூப்பிடுகிறார்கள், மேடையில் மாலை போட ஆண்கள் ஏறிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக அடுத்த படத்துக்கு டிக்கெட் பிரிக்கிற அன்று அந்த மேஜையில் இரண்டு பெண்களை உட்கார வையுங்கள், சீட் சார்ட்டும் பணப்பையும் அவர்களிடமே இருக்கட்டும், ஷோ முடிந்ததும் வரவு செலவை அவர்களே சேனலில் போடட்டும். மகளிர் அணிக்குத் தலைவி தேடுகிற வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.